காகித ஆலை ஸ்டார்ச்சும் அமெரிக்கச் சுங்கத்தின் ‘கிராஸ்’ தேடுதளமும்: ஒரு பயனர் மதிப்பீடு

அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமை, தான் இறக்குமதியாளர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் எழுதிய வகைப்பாட்டுத் தீர்ப்புக் கடிதங்களை, அதாவது ஒரு சரக்கு எந்தச் சுங்க எண்ணில் வரும் என்று சொல்லும் கடிதங்களை, ‘கிராஸ்’ என்னும் இணையத் தளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. செருப்பு முதல் சேர்மப் பொருள்கள் வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் அதில் உள்ளன. நான் காகித வேதிப்பொருள்களுக்குச் சுங்க ஆவணம் எழுதும் வேலையில் இருப்பவன். ஆகவே இந்த மதிப்பீட்டை ஒரே ஒரு சரக்கை வைத்து எழுதுகிறேன். காகிதம் செய்வதில் பயன்படும், வேதிமுறையில் மாற்றப்பட்ட ஸ்டார்ச்தான் அந்தச் சரக்கு. சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளி ஸ்டார்ச்சை மாற்றி வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும், தாய்லாந்திலிருந்து அதே வகைச் சரக்கைத் தருவிக்கும் காகித ஆலைகளின் கொள்முதல் பிரிவினருக்கும் இது பயன்படக்கூடும். எட்டு இலக்க எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போக வருகிறவரை இந்தத் தளம் பெரும்பாலும் தவறான வழியில் விட்டுவிடும். சரக்கைப் பற்றி என்னென்ன விவரம் எழுதிக் கொடுத்தால் அதிகாரி மறுகேள்வி கேட்கமாட்டார் என்று பார்க்க வருகிறவருக்கோ, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் வேறில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருங்கிணைந்த சரக்கு வகைப்பாட்டில், அதாவது நாம் எச்.எஸ். என்று சொல்லும் முறையில், இயல்பான ஸ்டார்ச் 1108 என்ற தலைப்பில் வருகிறது. அதற்குள் கோதுமைக்கு 1108.11, மக்காச்சோளத்துக்கு 1108.12, உருளைக்கிழங்குக்கு 1108.13, மரவள்ளிக்கு 1108.14 என்று பயிர்வாரியாகப் பிரிவு உண்டு. அதே ஸ்டார்ச் வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ நொதியாலோ மாற்றப்பட்டால் பதினொன்றாம் அத்தியாயத்தை விட்டு முப்பத்தைந்தாம் அத்தியாயத்துக்குப் போய், டெக்ஸ்ட்ரின்களும் பிற மாற்றப்பட்ட ஸ்டார்ச்சுகளும் அடங்கிய 3505.10இல் அமர்கிறது. ஸ்டார்ச்சை அடிப்படையாகக் கொண்ட பசை 3505.20இல் வரும். இவை தவிர, துணி, காகிதம், தோல் தொழில்களில் பயன்படும் பதப்படுத்துப் பொருள்களுக்கென 3809 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதிலும் ஸ்டார்ச் அடிப்படையிலானவற்றுக்கு 3809.10 என்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. காகித ஆலைக்கு வரும் மூட்டையின் மேல் ‘பேப்பர் கிரேடு ஸ்டார்ச்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் ‘காகிதம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 3809க்கு ஓடுகிறவர்கள் உண்டு. ‘ஸ்டார்ச்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 1108இலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு.

ஆலைக்குள் இந்தச் சரக்கு ஒரே வகையாகவும் இருப்பதில்லை. கூழ் இன்னும் தண்ணீராக ஓடும் ஈரப்பகுதியில் சேர்ப்பது கேட்டயானிக் ஸ்டார்ச். நேர்மின்னேற்றம் கொண்ட நான்கிணைய அம்மோனியம் தொகுதியை ஸ்டார்ச் மூலக்கூறில் ஈதர் பிணைப்பாகக் கோத்திருப்பார்கள். செல்லுலோஸ் நார் எதிர்மின்னேற்றம் உடையது என்பதால், இந்த ஸ்டார்ச் நாரோடு ஒட்டிக்கொண்டு நுண்துகள்களையும் நிரப்பிகளையும் தண்ணீரோடு போகவிடாமல் பிடித்து வைக்கும். தாளின் உலர் வலிமையும் கூடும். தாள் காய்ந்த பிறகு சைஸ் பிரஸ் என்னும் பூச்சு உருளைகளில் மேற்பரப்புக்குப் பூசுவது பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் ஆக்சிஜனேற்றம் செய்த ஸ்டார்ச். அல்லது ஆலையே இயல்பு ஸ்டார்ச்சை வாங்கி நொதியாலோ அம்மோனியம் பெர்சல்ஃபேட்டாலோ அங்கேயே உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். மேற்பூச்சு வேலைக்கு ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச்சையும் ஸ்டார்ச் அசிட்டேட்டையும் பயன்படுத்துவது உண்டு. நெளியட்டை செய்யும் இடத்தில் ஸ்டார்ச்சோடு காஸ்டிக் சோடாவும் போராக்ஸும் சேர்ந்த பசை தேவைப்படும். இவை அத்தனையும் வெள்ளை நிறத் தூளாக, ஏறத்தாழ ஒரே மாதிரியான மூட்டையில்தான் வந்து இறங்குகின்றன.

இனி தளத்துக்கு வருவோம். தேடல் பெட்டியில் ‘மாடிஃபைடு ஸ்டார்ச்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்து குவிவனவற்றில் சாஸ், நூடுல்ஸ், இனிப்பு வகைகளில் சேர்க்கும் உணவு ஸ்டார்ச்சுகள் பற்றிய கடிதங்களே மிகுதி. அதோடு ‘காகிதம்’ என்ற சொல்லைச் சேர்ப்பதால் பயனில்லை. காகிதப் பையும் காகிதப் பெட்டியும் கூடவே வந்து நிற்கும். பலன் தரும் வழி வேறு. ‘கேட்டயானிக்’, ‘ஹைட்ராக்சிஎத்தில்’ போன்ற வேதிச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, கூடவே 3505.10 என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகளவில் வழங்கும் அடையாள எண்ணான சி.ஏ.எஸ். பதிவெண்ணைக் கொடுத்துத் தேடுவது. கேட்டயானிக் ஸ்டார்ச்சுக்கு 56780-58-6, ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச்சுக்கு 9005-27-0, இயல்பு ஸ்டார்ச்சுக்கு 9005-25-8. இந்த எண்கள் பெரும்பாலான பாதுகாப்புத் தரவுத்தாள்களில் மூன்றாம் பிரிவில் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாக் கடிதங்களிலும் சி.ஏ.எஸ். எண் இருப்பதில்லை என்றாலும், இருக்கும் கடிதங்களே பொதுவாகப் படிக்கத் தகுந்தவை.

கடிதங்கள் இரண்டு வகை. நியூயார்க்கிலுள்ள சரக்கு வல்லுநர் பிரிவு எழுதுபவை ‘என்.ஒய்.’ என்ற முன்னெழுத்தோடும், வாஷிங்டன் தலைமையகம் எழுதுபவை ‘எச்.கியூ.’ என்ற முன்னெழுத்தோடும் வரும். நியூயார்க் கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். தலைமையகக் கடிதம் வாதப் பிரதிவாதங்களை எடுத்து வைத்து, விதிகளை மேற்கோள் காட்டி, நீண்டு செல்லும். ஆவணம் எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் அதையே முதலில் படிக்க வேண்டும். ஒரு தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டோ திரும்பப் பெறப்பட்டோ இருந்தால் அதைத் தளம் குறிப்பிட்டுக் காட்டுவதோடு, மாற்றிய தீர்ப்புக்கு இணைப்பும் தருகிறது. இந்த ஒரு வசதிக்காகவே தளத்தை எழுந்து நின்று பாராட்டலாம். அந்தக் குறியைக் கவனிக்காமல் பழைய கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்கிறவர்களை நான் அறிவேன்.

ஒரு நியூயார்க் கடிதத்தின் அமைப்பைப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். முதல் பத்தியில் யார் சார்பில் எப்போது கேட்டார்கள் என்ற விவரம் இருக்கும். இரண்டாம் பத்தி சரக்கைச் சொல்லும்: எந்தப் பயிரின் ஸ்டார்ச், எந்த வேதிப்பொருளால் எந்த வகை மாற்றம், தூளா கரைசலா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா, எதற்குப் பயன்படும், எப்படிப் பொதியப்படும். மூன்றாம் பத்தியில் எண்ணும் வரிவிகிதமும் வந்துவிடும். அவ்வளவுதான். எண்ணுக்கான காரணம் பல நேரங்களில் ஒரு வரிகூட இராது. ஆகவே கண் ஓட வேண்டிய இடம் இரண்டாம் பத்தி. பத்துக் கடிதங்களின் இரண்டாம் பத்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த விவரத்தை அதிகாரிகள் விடாமல் எழுதுகிறார்கள் என்பது புலப்படும். மாற்றத்தின் வகையும், கலப்பு உண்டா இல்லையா என்பதும் முன்னே நிற்கும். பயன்பாடு பின்னால்தான் வரும். 3505 பயன்பாட்டைக் கேட்காத தலைப்பு என்பதே அதற்குக் காரணம். ஆக்சிஜனேற்றம் செய்த ஸ்டார்ச்சைக் காகிதத்தில் பூசினாலும் சட்டைக் காலருக்குப் போட்டாலும் அது மாற்றப்பட்ட ஸ்டார்ச்தான். 3809 அப்படியல்ல. ‘காகிதம் முதலான தொழில்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த, வேறெங்கும் குறிப்பிடப்படாத’ தயாரிப்புகளுக்கு உரியது அது. வேறெங்கும் குறிப்பிடப்படாத என்ற அந்த நிபந்தனைதான், கலப்பில்லாத கேட்டயானிக் ஸ்டார்ச்சை 3809க்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. ஸ்டார்ச்சோடு வேறு பொருள்களைச் சேர்த்து, பதப்படுத்துவதற்கென்றே தயாரித்த கலவை என்றால்தான் 3809.10ஐப் பற்றிப் பேசவே முடியும்.

உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளைக் கூடவே வைத்துக்கொண்டு படித்தால் தளத்தின் பயன் இரட்டிப்பாகும். 3505க்கான குறிப்பு, ஆக்சிஜனேற்றம், எஸ்டராக்கம், ஈதராக்கம் ஆகியவற்றால் மாற்றப்பட்ட ஸ்டார்ச்சுகளையும் குறுக்குப்பிணைப்புள்ள ஸ்டார்ச்சுகளையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. காகிதக் கூழில் சேர்ப்பதற்கென்று மிகச் சிறிதளவு கயோலின் கலந்த கரையும் ஸ்டார்ச்சைக்கூட அது விடவில்லை. இயல்பு ஸ்டார்ச்சிலிருந்து மாற்றப்பட்டதை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கும் அதில் வழி சொல்லப்பட்டிருக்கிறது: கரைசலின் தெளிவு, கூழாகும் தன்மை, நீரைப் பிடித்துவைக்கும் திறன், உறைந்து உருகும்போது நிலைத்திருப்பது, கூழாகும் வெப்பநிலை, உச்சப் பாகுநிலை ஆகியவற்றில் ஏற்பட்ட மாறுதல்களைப் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரின் விஷயத்தில் அத்தியாயக் குறிப்பே எல்லையை வகுத்துவிட்டது. குறைக்கும் சர்க்கரை, உலர் பொருளில் டெக்ஸ்ட்ரோஸாகக் கணக்கிட்டு, 10 விழுக்காட்டைத் தாண்டினால் அது சர்க்கரை வகைகளுக்கான 1702க்குப் போய்விடும்.

பிரித்தறியும் இந்தச் சோதனைகள் ஏன் முக்கியம் என்பதை ஒரு சரக்கு எனக்கு நன்றாக உணர்த்தியது. மரவள்ளியிலிருந்து செய்த கேட்டயானிக் ஸ்டார்ச்சின் மாதிரி ஓர் ஆய்வகத்துக்குப் போனது. ‘வெள்ளைத் தூள், அயோடினோடு நீலநிறம் தருகிறது, நுண்ணோக்கியில் மரவள்ளி ஸ்டார்ச் மணிகள் தெரிகின்றன’ என்று அறிக்கை வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கேட்டயானிக் மாற்றத்தை, ஸ்டார்ச் கூழாகும் வெப்பநிலைக்குக் கீழே, தண்ணீரில் கலக்கிய பாலாக இருக்கும்போதே காரம் சேர்த்துச் செய்து முடித்துவிடுகிறார்கள், மணிகள் உடைவதில்லை. ஏறும் தொகுதிகளின் எண்ணிக்கையும் சிறிது. நூறு குளுக்கோஸ் அலகுகளுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரைதான். ஆகவே நுண்ணோக்கிக்கும் அயோடினுக்கும் அது இயல்பு ஸ்டார்ச்சாகவே தெரியும். அந்த அறிக்கையை மட்டும் படிக்கிற மதிப்பீட்டு அதிகாரி 1108 என்று எழுதினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நைட்ரஜன் அளவைக் கேட்டிருக்க வேண்டும். மரவள்ளி ஸ்டார்ச்சில் புரதம் மிகக் குறைவு என்பதால் இயல்பு நிலையில் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாமலே இருக்கும். கேட்டயானிக் ஸ்டார்ச்சில் அது 0.2 முதல் 0.4 விழுக்காடு வரை காட்டும். கெல்டால் முறையில் எந்த ஆய்வகமும் அளந்துவிடக்கூடிய ஒன்று இது. லைட் கிரீன் என்ற அமிலச் சாயம் கேட்டயானிக் மணிகளில் ஏறி ஒட்டிக்கொள்வதையும் நுண்ணோக்கியிலேயே காணலாம். நான் இப்போது கேட்டயானிக் சரக்கு எதுவானாலும் நைட்ரஜன் விழுக்காட்டையும், மாற்றத்துக்குப் பயன்பட்ட வேதிப்பொருளின் பெயரையும், சூடாக்கும்போது பாகுநிலை எப்படி மாறுகிறது என்று காட்டும் பாகுநிலை வரைபடத்தையும் விலைப்பட்டியலோடு இணைத்தே கொடுக்கிறேன். மாற்றத்தின் வகையை இப்படி வெளிப்படையாக எழுதும் பழக்கம் கிராஸ் கடிதங்களின் இரண்டாம் பத்திகளிலிருந்துதான் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, கடிதத்தில் உள்ள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகப் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. அமெரிக்காவில் 3505.10.00 என்ற ஒரே வரிவரிசைக்குள் எல்லா மாற்றப்பட்ட ஸ்டார்ச்சுகளும் அடங்கிவிடுகின்றன. அடிப்படை வரி கிலோவுக்கு 0.7 சென்ட். இருபது டன் கொள்கலன் ஒன்றுக்கு 140 டாலர். ஆகவே ஈதரா, எஸ்டரா, ஆக்சிஜனேற்றமா என்று தோண்டிக் கேட்க அங்குள்ள அதிகாரிக்கு அவசியமே இல்லை. சில கடிதங்கள் அந்த இடத்தில் அலட்சியமாக இருப்பதன் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கதை வேறு. அங்கே எஸ்டராகவோ ஈதராகவோ மாற்றிய ஸ்டார்ச்சுக்கு 3505 10 50 என்ற எண்ணும் 7.7 விழுக்காடு வரியும் உண்டு. மற்ற வகைகளுக்கான 3505 10 90இலோ 9 விழுக்காட்டோடு 100 கிலோவுக்கு 17.70 யூரோவும் சேர்கிறது. அதே இருபது டன்னுக்கு, விழுக்காட்டு வரிக்கு மேல் 3,540 யூரோ கூடுதல் என்று பொருள். சைஸ் பிரஸ்ஸுக்கான ஆக்சிஜனேற்ற ஸ்டார்ச்சை ஐரோப்பாவுக்கு விற்க நினைப்பவர், கிராஸில் கேட்டயானிக் ஸ்டார்ச்சும் ஆக்சிஜனேற்ற ஸ்டார்ச்சும் ஒரே எண்ணில் இருப்பதைப் பார்த்து விலை பேசினால் அடி பலமாக விழும். இந்தியாவின் எட்டு இலக்கப் பட்டியல் இன்னொரு விதமாகப் பிரிக்கிறது. எஸ்டராக்கியதற்கு மட்டும் 3505 10 10. ஏனைய எல்லாவற்றுக்கும் 3505 10 90. இதன்படி ஸ்டார்ச் அசிட்டேட் முன்னதிலும், ஈதரான கேட்டயானிக் ஸ்டார்ச் பின்னதிலும் வரும். ‘எஸ்டர் - ஈதர்’ இரண்டையும் ஒரே பெட்டியில் போடும் ஐரோப்பிய வழக்கத்துக்குப் பழகியவர்கள் இங்கே சறுக்குவது சகஜம்.

இரண்டாவது குறை, கடிதங்களில் கலவை விகிதங்கள் மறைக்கப்பட்டிருப்பது. விண்ணப்பிப்பவர் வணிக ரகசியம் என்று கேட்டுக்கொண்டால் விழுக்காடுகளை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுவார்கள். ஒற்றைப் பொருளான கேட்டயானிக் ஸ்டார்ச்சுக்கு இதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் பசைக்கும் பதப்படுத்துக் கலவைக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்று அறிய விரும்பும்போது, நமக்குத் தேவையான எண்ணே அங்கு இருப்பதில்லை. விண்ணப்பத்தோடு இணைத்த தரவுத்தாள்களும் ஆய்வறிக்கைகளும் தளத்தில் கிடைப்பதில்லை. மூன்றாவதாக, கடிதத்தில் எழுதியிருக்கும் வரிவிகிதம் அந்தத் தேதிக்கானது, அதுவும் அடிப்படை வரி மட்டுமே. அதற்கு மேல் நாட்டுவாரியாகச் சுமத்தப்படும் கூடுதல் வரிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

தளத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டியது, தீர்ப்பு கேட்டு விண்ணப்பிக்கும் மின்வசதி. இதற்கும் கட்டணம் கிடையாது. இறக்குமதியாளர்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. சரக்கில் நேரடி அக்கறை உள்ள வெளிநாட்டு ஏற்றுமதியாளரே கேட்கலாம். எளிமையான கேள்விகளுக்கு நியூயார்க் பிரிவு பொதுவாக 30 நாளில் பதில் எழுதிவிடுகிறது. தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டால் 90 நாள் வரை ஆகலாம். கிடைத்த தீர்ப்பு அந்த விண்ணப்பத்தில் சொன்ன சரக்குக்கு, அமெரிக்காவின் எல்லாத் துறைமுகங்களிலும் செல்லும். அதே போன்ற சரக்கு வைத்திருக்கும் அடுத்தவர் அதைத் தன் தீர்ப்பாகக் காட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிணைப்பு வகைப்பாட்டுத் தகவலும் இதே நோக்கம் கொண்டதுதான். அது மூன்று ஆண்டுக்குச் செல்லும், அதன் தரவுத்தளமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த வசதி இல்லாமல் இல்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் முன்கூட்டிய தீர்ப்புக்கான சுங்க ஆணையம் 2021 முதல் டெல்லியிலும் மும்பையிலும் இயங்குகிறது. கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. அதே கேள்வி ஏற்கெனவே விண்ணப்பதாரரின் சரக்கு குறித்து அதிகாரி முன்பாகவோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது; சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட பிறகு ஓடிப்போய்க் கேட்கும் இடம் அல்ல அது. இங்குள்ள தீர்ப்புகள் காரணங்களை விரிவாக எழுதுகின்றன, அந்த வகையில் ஒரு பக்க நியூயார்க் கடிதத்தைவிட மேலானவை. ஆனால் பிடிஎஃப் கோப்புகளின் பட்டியலாகக் கிடக்கும் அவற்றுள் ஸ்டார்ச்சையோ ஒரு சி.ஏ.எஸ். எண்ணையோ தேடிப் பிடிப்பதற்கு கிராஸ் போன்ற வழி நமக்கு இல்லை. இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது.

கேட்டயானிக், ஹைட்ராக்சிஎத்தில், ஆக்சிஜனேற்ற வகைகளைப் பொறுத்தவரை கிராஸில் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். தலைப்பு 3505 என்பதில் ஐயம் எழ இடமில்லை. எந்த வேதிப்பொருளும் சேர்க்காமல் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மட்டும் குணம் மாற்றிய ஸ்டார்ச்சுகள்தான் இழுபறியான பகுதி. சி.ஏ.எஸ். எண் இயல்பு ஸ்டார்ச்சின் எண்ணாகவே இருக்கும், புதிய தொகுதி எதுவும் ஏறியிருக்காது, நைட்ரஜனும் துணைக்கு வராது. பாகுநிலை வரைபடத்தின் வளைவு ஒன்றுதான் சாட்சி. அந்த வகைச் சரக்கை அனுப்புகிறவர் பழைய கடிதங்களில் தேடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அதே பயிரின் மாற்றப்படாத ஸ்டார்ச்சையும் மாற்றிய ஸ்டார்ச்சையும் ஒரே கருவியில் ஒரே அடர்த்தியில் ஓட்டிய இரண்டு வரைபடங்களை இணைத்து, தயாரிப்பு முறையைப் படிப்படியாக எழுதி, முதல் கொள்கலன் கிளம்புவதற்கு முன்பே தீர்ப்புக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.